“அந்த மொழி மட்டும் வேணாம் மேம்!”: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் பன்னிரண்டு வருஷமாக ஜெர்மன் வகுப்பு எடுக்கிறேன். ஒரு நேரத்துக்கு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. நாற்காலி அவ்வளவுதான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் நர்சுகள், மீதி இன்ஜினியர்கள், நடுநடுவே கல்யாணம் முடிந்த கையோடு விசாவுக்காக ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வு எழுத வரும் புதுப்பெண்கள். காபி நேரத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் ‘எந்த மொழியை நீங்க கத்துக்கவே மாட்டீங்க?’ என்பதில் வந்து நிற்கும். என்னென்ன மொழி தெரியும் என்று கேட்டால் அடக்கமாகப் பதில் சொல்கிறவர்கள்கூட, எது வேண்டாம் என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அப்படிச் சேர்ந்த கேள்விகள் இவை. பதில்கள் என் சொந்தச் சரக்கு. ஒத்துவராதவர்கள் சனிக்கிழமை நேரில் வந்து சண்டை போடலாம், காபி உண்டு.

நாலைந்து மொழி படித்தவர்களுக்குக்கூட வேண்டாத மொழி இருக்குமா?

அவர்களுக்குத்தான் இருக்கும். ஒரு மொழியும் படிக்காதவருக்கு எல்லா மொழியும் அழகு. இரண்டு மொழியில் அடிபட்டவர் மூன்றாவதை எடுக்கும் முன் கணக்குப் போடுவார்: எத்தனை வருஷம் போகும், கையில் என்ன நிற்கும் என்று. ஆனால் கிண்டிக் கேட்டுப் பார்த்தால், இந்தக் கணக்கு பெரும்பாலும் பிறகு ஒட்டவைத்தது. ‘பிடிக்கல’ முதலில் வந்துவிடும், காரணம் பின்னால் ஆட்டோ பிடித்து வந்து சேரும். அந்தக் காரணத்தையும் தோண்டினால், நான் பார்த்தவரை, அடியில் இலக்கணம் இருக்காது. யாராவது ஓர் ஆள் இருப்பார். வாத்தியார், மேனேஜர், மாமியார், விட்டுப்போன காதலன் என்று.

உங்களுக்கு வேண்டாத மொழி எது மேம்? மழுப்பாமல் சொல்லுங்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்தது ஹிந்தி. இதைச் சொன்னதும் சிலர் கைதட்டுவார்கள், சிலர் முகம் சுளிப்பார்கள். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். என்னுடையது ஒரு தயிர்க் கதை.

எட்டு வயதில் என்னைப் பக்கத்துத் தெரு மாமியிடம் ஹிந்தி டியூஷனுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மற்ற பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடும் நேரம். பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா என்று தேர்வுகளில் படிப்படியாக ஏற வேண்டும். ஹிந்தியில் உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. ரொட்டி பெண், தண்ணீர் ஆண். தமிழ்க் குழந்தைக்குத் தயிர் ஆணுமில்லை பெண்ணுமில்லை, மோர்சாதத்துக்கு முந்தைய நிலை, அவ்வளவுதான். தயிர் புளிக்கிறது என்று சொல்லச் சொன்னார் மாமி. ‘தஹி கட்டீ ஹை’ என்றேன். மர ஸ்கேல் விரல் முட்டியில் பக்கவாட்டில் இறங்கியது. “கட்டீ இல்லடி, கட்டா! தஹி ஆம்பளை!” உள்ளே அடுப்பில் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் சுண்டைக்காய் வதங்கும் வாசனை வந்தால் என் வலது கை தானாக மடங்கிக்கொள்ளும். மத்யமாவோடு நிறுத்திவிட்டேன்.

சென்னைக்காரர்கள் என்றாலே ஹிந்தி வேண்டாம் என்பவர்கள்தானே?

ஊர்க் கதையும் என் கதை போலத்தான், அளவு பெரிது. காந்தி 1918ல் ஹிந்தி பிரசாரத்தைத் தொடங்கியது இதே சென்னையில்தான். முதல் ஆசிரியராக வந்தவர் அவருடைய மகன் தேவதாஸ். படிக்க ஆசைப்பட்டவர்கள் போய்ப் படித்தார்கள். 1938ல் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயப் பாடம் ஆக்கியபோதுதான் மறியலும் சிறையும். கைதான நடராசனும் தாளமுத்துவும் 1939ல் அடுத்தடுத்து இறந்தார்கள். எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இருக்கும் மாளிகைக்கு அவர்கள் பெயர். பிளான் அப்ரூவலுக்கு அலைகிற எத்தனையோ பேர் அந்தப் பெயரைப் படிக்காமலே லிஃப்டுக்கு நிற்கிறார்கள். 1940ல் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, 1965ல் போராட்டம் மறுபடி வெடித்தது, 1968ல் இருமொழிக் கொள்கை வந்தது. இவ்வளவும் நடந்த ஊரில், தி. நகர் ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகளை இன்றும் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

வெளியூர் நண்பர்களுக்கு இது புரியாது. எனக்குப் புரிகிறது. நாமாகப் போய் உட்கார்ந்த பெஞ்சும், தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்த பெஞ்சும் ஒரே மரத்தில் செய்ததாக இருக்கலாம், உட்காருகிறவருக்கு ஒன்றாகத் தெரியாது.

கஷ்டமான மொழியைத்தானே எல்லோரும் ஒதுக்குகிறார்கள்?

அப்படியானால் ஜப்பானியத் தேர்வுக்குச் சென்னையில் ஆளே வரக்கூடாது. ஜூலை, டிசம்பர் இரண்டிலும் கூட்டம் வருகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் தன் அதிகாரிகளுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஜப்பானியம், கொரியன், சீனம், அரபி நான்கும் உச்சக் கஷ்டம்: 88 வாரம், சுமார் 2200 மணி நேர வகுப்பு. தமிழுக்கு 44 வாரம். இந்தப் பட்டியலைக் காட்டி “ஜப்பானியம் நம்மால் முடியாது” என்று பின்வாங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குப் போட்ட கணக்கு, நமக்கு இல்லை. ‘நான் நேற்று கடையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்பதை ஜப்பானியத்தில் சொல்லிப் பாருங்கள்: ‘வாதாஷி வா கினோ மிஸே தே ஹோன் ஓ காத்தா.’ மிஸே கடை, தே என்பது நம் ‘இல்’, ஹோன் புத்தகம், ஓ என்பது நம் ‘ஐ’, கடைசியில் வினை. சொல்லை எடுத்துச் சொல்லை வைத்தால் வாக்கியம் தயார். இங்கிலீஷ்காரர் வருஷக்கணக்கில் தலைகீழாக நின்று பழகும் இடத்தில் நாம் பிறந்ததிலிருந்தே நிற்கிறோம்.

எழுத்து வேறு விஷயம். அன்றாடத்துக்கு என்று ஜப்பான் அரசு வகுத்த சித்திர எழுத்துகள் 2136. அதில் உயிர், பிறப்பு என்று பொருள்படும் ஓர் எழுத்தை இடத்துக்குத் தகுந்தபடி ஸெய் என்பார்கள், ஷோ என்பார்கள், நாமா என்பார்கள். இகிரு, உமாரேரு என்ற வினைகளிலும் அதே எழுத்துதான் வந்து உட்காரும். இதைக் கேட்டு ஒரு பையன் “என்ன மேம் அநியாயம்!” என்றான். கடல், அகம், தங்கம் மூன்றையும் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். மூன்று ‘க’வும் மூன்று மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை.

கொரியனுக்குச் சென்னையில் வேண்டாம் என்பவர்களே குறைவு. ஹூண்டாய் 1996ல் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் வந்ததில் வேலைக்காகப் படித்தவர்கள் உண்டு, இப்போது சீரியலுக்காகப் படிக்கிறார்கள். அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றே கூப்பிடுவதைக் கண்டு பூரித்துப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஒரு சொல் ஒத்துப்போனால் மாமன் மச்சான் ஆகிவிட முடியாது.

பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்தேன். 190க்கு மேல் வாங்கினேன். இப்போது ஒரு வாக்கியம் வராது, பார்த்தாலே கசக்கிறது. ஏன்?

நீங்கள் படித்தது பிரெஞ்சு இல்லை, மார்க். வாங்கியாயிற்று, கடை மூடியாயிற்று. கசப்பு மொழிமேல் இல்லை என்று வைத்துக்கொண்டு, வேண்டுமானால் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸுக்குப் போய் முதலிலிருந்து உட்காருங்கள்.

பிரெஞ்சு வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் எடுத்துக் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 97 என்று சொல்ல ‘கத்ர் வேன் தீஸ் செத்’, அதாவது நாலு இருபது, பத்து, ஏழு. பெல்ஜியத்திலும் சுவிஸிலும் இதைச் சகிக்காமல் தொண்ணூறுக்குத் தனிச்சொல் வைத்துக்கொண்டார்கள். நாமும் சிரிக்கலாம்தான். சிரிக்கும் முன் எண்பதுக்கு அடுத்து என்ன என்று நம் குழந்தைகளைக் கேளுங்கள். எழுபது, எண்பது என்று ‘பது’ போட்டு வந்தவர்கள் அடுத்ததற்குத் தொண்ணூறு என்கிறோம். நூறு வருவதற்குள்ளேயே நூறு வந்துவிட்டது. எண்ணூறுக்கு அடுத்தது தொள்ளாயிரம். இதை நமக்கு யாரும் விளக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. என் பெண் மூன்று வயதில் ‘ஒம்பது பது’ என்று சொன்னாள். திருத்தியவள் நான்தான்.

பிடிக்காத மொழியை வேலைக்காகப் படித்தே ஆகவேண்டும். என்ன செய்ய?

இதைக் கேட்பவர்கள் நர்சுகள். ஜெர்மனியில் நர்சாக முழு அங்கீகாரம் வாங்க பி2 அளவு, அதாவது ஏ1க்கு மேல் மூன்று படி, மொழி வேண்டும். ஐசியூவில் இரவு ட்யூட்டி முடித்துக் கண் சிவந்து காலை ஏழரைக்கு என் மாடிப்படி ஏறுவார்கள். ஜெர்மன்மேல் ஆசை இருக்கிறதா என்று அவர்களைக் கேட்க எனக்கு வாய் வராது.

ஒருத்தி முதல் நாளே சொல்லிவிட்டாள்: “மேம், எனக்கு இந்த மொழியே பிடிக்கல. ஆனா வீட்டுக் கடன் இருக்கு.” அவளுக்கு ஆகவே ஆகாதது, ஜெர்மனில் வினை இரண்டாகப் பிய்ந்து ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போவது. ‘ஐன்ஷ்லாஃபென்’ என்றால் தூங்கிப்போவது. வாக்கியத்தில் போட்டால் ‘ஷ்லாஃபே’ முன்னாலும் ‘ஐன்’ கடைசியிலும் நிற்கும். “கடைசி வரைக்கும் கேட்டாத்தான் தூங்கினானா வேற என்ன பண்ணினான்னே தெரியும்” என்று நோட்டில் பேனாவைக் குத்துவாள். அடுத்தது பால். டெர், டி, டாஸ் மூன்றில் சிறுமிக்கு வருவது டாஸ், அதாவது அஃறிணை போல. “பொண்ணு மனுஷி இல்லையா?” என்று கொதித்தாள். குழந்தை அழுகிறாள் என்பாயா, அழுகிறது என்பாயா என்று கேட்டேன். “அது வேற மேம்” என்றாள். வேறெல்லாம் இல்லை.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பிடிக்க வேண்டும் என்று முயற்சி செய்யாதீர்கள், அது தனி வேலை, சம்பளம் கிடையாது. கூட்டிப் பெருக்குவதைப் போல தினமும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பதினாலு மாதத்தில் பி2 முடித்தாள். போன பொங்கலுக்கு அங்கிருந்து வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: “இப்பவும் பிடிக்கல மேம். ஆனா டியூட்டி சார்ட் போடுறவகூட சண்டை போட வருது.”

டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ்?

அந்த ஊர்களில் நீங்கள் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் சொன்னதும் எதிரில் இருப்பவர் சுத்தமான ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அதற்குமேல் எவ்வளவு தூரம்தான் ஓடுவது.

டேனிஷ் மட்டும் என் சொந்தப் பட்டியலில் இன்றும் உண்டு. ஜெர்மன்காரிக்கு எளிதாகத்தான் இருக்க வேண்டும், படிக்கப் புரியவும் புரிகிறது. ஆனால் காதில் விழுவது கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. ஐம்பதுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தைக்குப் பொருள் ‘இரண்டரை இருபது’. பிரெஞ்சுக்கு வக்காலத்து வாங்கியவள் இதற்கு வாங்க மாட்டேனா என்று கேட்காதீர்கள். மாட்டேன்.

சமஸ்கிருதம்?

மயிலாப்பூரில் சமஸ்கிருதக் கல்லூரி 1906 முதல் இருக்கிறது. விரும்பிப் படிப்பவர்கள் ஆழமாகப் படிக்கிறார்கள். மார்க்குக்காகப் படித்தவர்கள் ‘ராமஹ ராமௌ ராமாஹா’வோடு நிற்கிறார்கள். ஒருவர், இருவர், பலர் என்று மூன்று எண். அந்த ‘இருவர்’ வரும் இடத்தில் ஆசையை விட்டவர்கள் பலர் எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் தாய்மொழி சமஸ்கிருதம் என்றவர்கள் இந்தியா முழுக்க 24,821 பேர். பேச ஆள் வேண்டும் என்பவர்களுக்கு அது போதாது. காளிதாசனைப் படிக்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த எண்ணால் ஒன்றுமில்லை. அரசியல் காரணத்தால் வேண்டாம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் காரணத்தில் ஒரு பாதி எனக்கும் தெரிந்த ஸ்கேல்தான்.

எஸ்பெராண்டோ? பதினாறே விதி என்கிறார்களே?

1887ல் ஸாமென்ஹோஃப் என்ற கண் டாக்டர் வெளியிட்டது. பெயர்ச்சொல் எல்லாம் ‘ஓ’வில் முடியும், விதிவிலக்கு இல்லை, யாருடைய ஆதிக்கமும் இல்லை. ஆனால் திட்டுவதற்குப் பாட்டி இல்லாத மொழி. எனக்கு வேண்டாம்.

தெலுங்கு, மலையாளம் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஏன் யாரும் படிப்பதில்லை?

இது எனக்கு வெட்கமான கேள்வி. எங்கள் கீழ்வீட்டு அத்தை வீட்டில் தெலுங்கு. இருபத்தாறு வருஷமாக ஒரே தண்ணீர்த் தொட்டி. என் தெலுங்கு இன்றைக்கும் ‘ரா, கூர்ச்சோ, திண்ணாவா?’ தாண்டவில்லை. வா, உட்கார், சாப்பிட்டாயா. என்னைப் பார்த்ததும் அத்தை தமிழுக்கு மாறிவிடுவார், நானும் விட்டுவிடுவேன். ஜெர்மனுக்காக எட்டு வருஷம் பஸ் ஏறினேன், பதினாறு படி இறங்கவில்லை.

மலையாளத்தை ஒதுக்குவதற்குக் காரணம் ‘அதான் புரியுதே’. புரிகிறது என்று நினைப்பதில்தான் வம்பு. 2015 டிசம்பரில் தெருவெல்லாம் இடுப்பளவு நீர், மாடியில் பத்துக் குடும்பம். கோட்டயத்துப் பெண் ஒருத்தி “கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமா?” என்றாள். அத்தனை பேரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

தமிழை வேண்டாம் என்கிறவர்கள் இருக்கிறார்களா?

இல்லாமலா! பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ‘அண்ணா, இங்க நிறுத்து’ மட்டும் தெரிந்தவர்களைக் கேளுங்கள். அவர்களைச் சோம்பேறி என்பதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் கற்க வருகிறவர் இரண்டு மொழி கற்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் ‘நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?’ படித்துவிட்டு இறங்கினால் ஆட்டோக்காரர் “எங்க போணும்?” என்பார். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் இதில் மாட்டிக்கொண்டு, பேச்சுத் தமிழுக்கு ஒன்று, செந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக இலக்கணம் எழுத வேண்டிவந்தது. இன்னமும் இரண்டையும் ஒரே புத்தகத்தில் ஒழுங்காகச் சொல்லித்தர நமக்கு வரவில்லை. செல்போன் செயலிகளிலும் அதே கதை. டுவோலிங்கோவில் ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக இட்டுக்கட்டிய கிளிங்கான் மொழிக்கு 2018ல் பாடம் வந்தது. அப்போது தமிழுக்கு இல்லை.

ஆனால் இந்த ஊரில் தமிழைப் படித்தே ஆகவேண்டிய காலமும் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812ல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கினார்கள். அதற்கு முன்னின்ற எல்லிஸ், 1816லேயே தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரு குடும்பம், சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல என்று எழுதினார். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால். வேலைக்காகப் படிக்கவைத்த இடத்தில் இப்படியும் ஒருவர் கிடைத்தார். மீதி அதிகாரிகள் என் நர்சுகள் மாதிரிதான் இருந்திருப்பார்கள்.

யாருக்குமே வேண்டாத மொழி எது?

‘வேண்டாம்’ சொல்லவும் அந்த மொழியின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். மெரினாவிலும் பஸ் ஸ்டாண்டுகளிலும் பாசிமணி விற்கும் நரிக்குறவர்கள் நம்மோடு தமிழில் பேரம் பேசுகிறார்கள். திரும்பிக் குழந்தையிடம் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி. மொழிப்பித்து பிடித்த நான் அவர்களிடம் மணி வாங்கியிருக்கிறேன், ஒரு சொல் கேட்டதில்லை. நீலகிரியில் தோடர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். அவர்கள் மொழியைப் படிக்க 1930களில் எமனோ என்பவர் கனடாவில் பிறந்து அமெரிக்கா வழியாக வந்தார். அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971ல் புத்தகமாக வந்தன. ஊட்டிக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்! வர்க்கி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஒதுக்கிய மொழியிடம் திரும்பப் போனதுண்டா?

தெருமுனை மளிகைக் கடையில் பீகார் தர்பங்காவிலிருந்து வந்த பையன் இருக்கிறான். இருபது வயது இருக்கும். இரண்டே வருஷத்தில் “அக்கா, வெங்காயம் இன்னிக்கு வேணாம், நாளைக்கு நல்லது வரும்” என்று ரகசியமாகச் சொல்லும் அளவுக்குத் தமிழ் வந்துவிட்டது. ஒரு நாள் கடையில் யாருமில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, தயிர் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ‘தஹி கட்டா தோ நஹீ ஹை?’ என்று கேட்டேன். நாற்பது தாண்டிய பிறகு, கட்டா என்று அழுத்தி, ஆண்பாலில், மிகச் சரியாக.

“நஹீ அக்கா, கட்டீ நஹீ ஹை.”

“கட்டாவா, கட்டீயா?” என்றேன். என் குரல் உயர்ந்ததைப் பார்த்து அவன் பயந்துவிட்டான். அவன் ஊர்ப் பக்கம் எல்லோரும் கட்டீ என்றுதான் சொல்வார்களாம். விசாரித்துப் பார்த்தேன். இலக்கணப் புத்தகத்தில் தயிர் ஆண்தான். பீகாரில் கோடிக்கணக்கான பேர் வாயில் அது பெண்.

இப்போது தயிர் வாங்கப் போனால் பத்து நிமிஷம் ஹிந்தி பேசிவிட்டு வருகிறேன். பதிலுக்கு அவனுக்கு ‘ழ’ சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் ‘வாளப்பளம்’ என்றுதான் வருகிறது. ரொம்பத் திருத்துவதில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.